வயல் நண்டு சட்டை கழற்றிய கதை

ஜூலை 6, சனி
அக்கா மகன் பம்புசெட் வாய்க்காலில் ஒரு வயல் நண்டைப் பிடித்து வந்தான். இடது கொடுக்கு இல்லை. அம்மா ரசம் வைக்கக் கேட்டார். ஒற்றை நண்டில் என்ன ரசம்? பழைய பேசினில் சேறு, ஓட்டாஞ்சில், கொஞ்சம் தண்ணீர். அதுதான் அதற்கு வீடு.

ஜூலை 15, திங்கள்
கொடுக்கு போன இடத்தில் பயறு அளவு மொட்டு. யாராவது கொடுக்கைப் பிடித்தால் நண்டு தானே அடிமூட்டில் கழற்றிவிட்டு ஓடிவிடுமாம். அந்த இடத்தில் ரத்தம் போகாமல் தடுக்க ஒரு சவ்வும் உண்டு.

ஜூலை 18, வியாழன்
சோறு போட்டால் தொடுவதில்லை. சில்லுக்கடியிலேயே கிடக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு
காலையில் பேசினில் இரண்டு நண்டு! ஒன்று செத்துவிட்டது என்று எடுத்தேன், எடையே இல்லை. முதுகோட்டின் பின்விளிம்பில் பிளவு. கண்ணின் மேலுறை, செவுளின் மெல்லிய உறை, இரைப்பைக்குள் இருக்கும் பல் வரை எல்லாம் அதோடு கழன்று வந்திருக்கிறது. வலது கொடுக்கின் அவ்வளவு சதையையும் அந்த ஒடுங்கிய மூட்டு வழியாக எப்படித்தான் உருவியதோ!

சில்லுக்கடியில் நிஜ நண்டு, ஊறவைத்த தோல் மாதிரி தொளதொளவென்று. தண்ணீரைக் குடித்து உடம்பை உப்ப வைத்து, புது ஓடு இறுகுவதற்குள் பெரிதாகிக்கொள்கிறது. மொட்டு விரிந்து குட்டிக் கொடுக்கு வந்துவிட்டது.

"பௌர்ணமி நண்டுல ஒண்ணும் இருக்காதுன்னு சொன்னேன்ல" என்றார் அம்மா. இன்று பௌர்ணமிதான். நிலாவுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று நான் நம்பவில்லை. ஆனால் ஓடு கழற்றிய நண்டைக் குழம்பு வைத்தால் தண்ணீர்தான் மிஞ்சும், அது சரி.

கூட்டைக் குப்பைக்குழியில் போட்டேன்.

ஜூலை 22, திங்கள்
போட்டிருக்கக் கூடாது. புது ஓடு இறுகச் சுண்ணாம்புச் சத்து வேண்டும். அதற்காகப் பழைய ஓட்டையே நண்டு தின்னும். ஓடிப்போய்ப் பார்த்தால் கோழிகள் கிளறி முடித்திருந்தன. முட்டை ஓட்டை நொறுக்கிப் பேசினில் தூவினேன்.

ஜூலை 24, புதன்
முட்டை ஓட்டுத் தூள் குறைந்திருக்கிறது. தின்றதா, சேற்றில் புதைந்ததா? தெரியவில்லை.

ஜூலை 29, திங்கள்
தண்ணீர் மாற்றும்போது விரலைக் கவ்வியது. பெரிய கொடுக்குதான், ரத்தம் வந்துவிட்டது. ஓடு இறுகிவிட்டது. வாய்க்காலில் விட்டுவிடலாம் என்றேன். "சின்னக் கொடுக்கு பெரிசாகட்டும் மாமா" என்கிறான்.