இருபது நிமிடக் கண்ணாடிக் குழாய்

2008 செப்டம்பரில் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியபோது, ஈரோடு மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் நான் செவிலியராகச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகவில்லை. அன்று அவசரப் பிரிவில் எங்கள் வேலை, வந்தவரைக் கட்டிலில் படுக்க வைத்து, பி.பி. பார்த்துக் குறித்து, மருத்துவர் வந்து சொன்னதும் ஊசி போடுவதோடு முடிந்தது. இன்று ஸ்ட்ரெச்சர் வாசலைத் தாண்டியதும் நோயாளி உடனே பார்க்க வேண்டிய சிவப்பா, அடுத்துப் பார்க்க வேண்டிய மஞ்சளா, காத்திருக்கக்கூடிய பச்சையா என்று வகைப்படுத்துவது செவிலியர்தான். நெஞ்சுவலி என்றால் யார் சொல்லுக்கும் காத்திராமல் பத்து நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுப்பதும் நாங்கள்தான். "வெறும் வாய்வுதானுங் கண்ணு, ஒரு ஊசி போட்டா போயிரும்" என்று சொல்லும் பாட்டிமார்களுக்குத்தான் நான் முதலில் ஈ.சி.ஜி. எடுப்பேன், மாரடைப்பு பல பெண்களுக்கு வாய்வுத் தொல்லைபோலவே வருகிறது.

பாம்புக்கடி எங்கள் பகுதியின் நித்திய கவலை. மஞ்சள் காட்டுக்கு இரவில் தண்ணீர் கட்டப் போன ஒருவரைப் பதினோரு மணிக்குக் கொண்டு வந்தார்கள். கணுக்காலில் இரண்டு புள்ளிகள், சிறிய வீக்கம். பேச்சு தெளிவாக இருந்தது. "பாம்பப் பாக்கலீங் சிஸ்டர், சுருக்குனுச்சு, அவ்வளவுதானுங்" என்றார். நல்ல பாம்போ கட்டுவிரியனோ என்றால் இமை தொங்கத் தொடங்கும் என்பதால் அதைக் கவனித்தபடியே, புதிய உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இரண்டு மி.லி. இரத்தம் எடுத்து, அசைக்காமல் நிறுத்தி, நேரத்தை எழுதினேன். கண்ணாடி விரியனின் விஷம் ஏறியிருந்தால் இருபது நிமிடமானாலும் இரத்தம் உறையாது. குழாய் புதிதாக இருக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. முன்பு வேலை செய்த இடத்தில் சோப்புப் போட்டுக் கழுவிய குழாயைப் பயன்படுத்தியதால், நல்ல இரத்தமும் உறையாமல் நின்று, தேவையில்லாத ஒருவருக்கு விஷமுறிவு மருந்து ஏறியது. அந்தக் குழாயை நீட்டியவள் நான்தான்.

இருபதாவது நிமிடம் குழாயைச் சாய்த்தேன். இரத்தம் தண்ணீராக ஓடியது. கண்ணாடி விரியன் கடியாக இருக்கலாம் என்று மருத்துவரிடம் சொன்னேன். அவர் பார்த்ததும் பத்துக் குப்பி மருந்து ஏறத் தொடங்கியது. மருந்து ஒவ்வாமல் அரிப்போ தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் உடனே கொடுக்க அட்ரினலினைக் கையருகே வைத்துக்கொண்டு கட்டிலை விட்டு நகராமல் நின்றேன். அந்த நேரத்தில் பச்சைப் பகுதியில் காய்ச்சலோடு காத்திருந்தவர்களின் உறவினர்கள் கோபப்பட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். நிறங்களின் பொருளை அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் இரவுப் பணிக்கு இருவர் மட்டும் இருந்து, அதில் ஒருவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் நோயாளியோடு ஆம்புலன்ஸில் போய்விட்டால், வகைப்படுத்துவதும் மருந்து ஏற்றுவதும் விளக்கம் சொல்வதும் ஒரே ஆளின் தலையில் விழுகின்றன. பொறுப்பைக் கூட்டியவர்கள் ஆளையும் கூட்டியிருக்க வேண்டும். வாசலில் வகைப்படுத்தும் செவிலியரை எந்தக் காரணத்துக்காகவும் வேறு வேலைக்கு இழுக்கக் கூடாது என்பதே என் கோரிக்கை.

ஆறு மணி நேரம் கழித்து இன்னொரு புதிய குழாயில் இரத்தம் எடுத்து வைத்தேன். விடிந்துகொண்டிருந்தது. இருபது நிமிடம் முடிந்து சாய்த்தபோது, உறைந்த இரத்தம் அடியிலேயே நின்றது.