ஞாயிறு விடுமுறை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தொங்கும் எனாமல் விளம்பரத் தகடுகளைப் பார்த்துத்தான், பழைய கடைப் பலகைகளின் எழுத்துகளை வெட்டியெடுத்து ஒரு சங்கப் பாட்டைக் கோக்கும் ஆசை எனக்குப் பிறந்தது. ஆனால் எனாமல் என்பது இரும்பின்மேல் உருக்கி ஒட்டிய கண்ணாடிப் பூச்சு. வெட்டினால் ஓரமெல்லாம் சில்லுச் சில்லாகப் பெயர்ந்துவிடும். ஒரு நல்ல தகட்டைப் பாழாக்கிய பிறகே இது புரிந்தது. அதன்பின் பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும், தூரிகையால் எழுதிய தகரப் பலகைகளுக்கு மாறினேன்.

எடுத்துக்கொண்ட பாட்டு குறுந்தொகையின் 40ஆம் பாடல், 'யாயும் ஞாயும் யாரா கியரோ'. கல்யாணப் பத்திரிகைகளில் அச்சாகித் தேய்ந்துபோன பாட்டு என்று நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் ஐந்தே அடியில் முடியும் பாட்டு என்பதோடு, அதில் வேறொரு வசதியும் இருந்தது. 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்தில் வடிவம் மாறிய ணை, லை, றா, னா போன்ற 13 எழுத்துகளில் ஒன்றுகூட இப்பாட்டில் வரவில்லை. ஆகவே துதிக்கை வைத்த 'லை' எழுதிய காலத்துப் பலகையும் அதற்குப் பிந்திய பலகையும் ஒரே அடிக்குள் உறுத்தலில்லாமல் சேர்ந்து நின்றன.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. சந்தி பிரித்து எழுதினால் பாட்டில் 'ம்' மட்டும் 11 முறை வருகிறது. அதற்குக் காபி நிலையங்களும் தையல் நிலையங்களும் கைகொடுத்தன. தையலின் 'தை' எந்தைக்கும், கடையின் 'டை' அன்புடைக்கும் போயின. ஆனால் 'ஞா'வுக்கு எங்கே போவது? மூன்று வாரம் தேடிய பிறகு 'ஞாயிறு விடுமுறை' என்ற சிறு தகடு அகப்பட்டது. அதிலிருந்து தாய்க்குரிய 'ஞா' மட்டுமல்ல, எம்முறைக்கு வேண்டிய 'முறை'யும் முழுதாகக் கிடைத்தது. மளிகைக் கடையின் 'மஞ்சள்' நெஞ்சத்துக்கு 'ஞ்ச' தந்தது. 'பெயனீர்' என்று புணர்த்து எழுதுவதே பாடத்துக்கு நேர்மை என்றாலும், குடிநீர்ப் பலகையின் 'நீர்' கையில் இருந்ததால் 'பெயல் நீர்' என்று பிரித்துவிட்டேன். புலவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், தூசி பறக்காதபடி உப்புத்தாளை நனைத்தே தேய்த்தேன். 'செம்புல' என்ற சொல்லுக்கு மட்டும் வண்ணம் உதிர்ந்து முழுக்கத் துருவேறிய துண்டுகளைத் தேர்ந்து, ஒன்றும் தேய்க்காமல் மேலே நிறமற்ற வார்னிஷ் பூசி நிறுத்திக்கொண்டேன்.

ஸ்டோர்ஸ்களிலிருந்து உதிர்ந்த 'ஸ்', ஜவுளிகளின் 'ஜ' என ஒரு பிஸ்கட் டப்பா நிறைய எழுத்துகள் மிச்சம் இருக்கின்றன. சங்கப் பாட்டு எதிலும் அவற்றுக்கு வேலை இல்லை.