சுவரில் கரிக்கோடு
மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் மார்பக ஆபரேஷன் முடிந்து ஹட்டன் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்தபோது இடது கை தோளுக்கு மேல் எழும்பவில்லை. தலை வார மகள்தான் வேண்டும். பிசியோதெரபி மிஸ் சொல்லித்தந்தபடி சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு மாதிரி மெல்ல மேலே ஏற்றுவேன். எட்டிய இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு. முதல் கோடு நெஞ்சு உயரம். இப்போது யன்னலின் மேல்சட்டத்தைத் தாண்டிவிட்டது. இழுக்கிற மாதிரி இருக்கும், பரவாயில்லை. சுள்ளென்று வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

அக்குளில் நிணநீர்க் கணுக்களை, அதாவது உடம்பின் நிணநீரை வடிகட்டும் சின்ன முடிச்சுகளை, எடுத்தவர்களுக்குக் கை வீங்கலாம். காயத்தில் கிருமி புகுந்தாலும் வீக்கம் வரும். அதனால் கொழுந்து எடுக்கப் போகிற அக்காமாரே, கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சி கீறினாலும் அட்டை கடித்தாலும் உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கை சிவந்து கனத்தால் அன்றைக்கே டொக்டரிடம் காட்டுங்கள். பாரமே தூக்கக்கூடாது என்பார்கள். அப்படியில்லை, பிசியோதெரபி மிஸ்ஸிடம் கேட்டுக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். நான் அரைப் போத்தல் தண்ணீரில் தொடங்கினேன்.

நேற்று நானே கொண்டை போட்டேன்.