வாய்க்கால் பெரணி: ஆய்வக நாட்குறிப்பு

ஜனவரி 18

பொங்கல் லீவு முடிந்து ஊரிலிருந்து வந்த பையில் பனங்கிழங்கோடு ஒரு செய்தித்தாள் பொட்டலமும் இருக்கிறது. உள்ளே செரட்டாப்டெரிஸ் தாலிக்ட்ராய்டஸ் என்னும் நீர்ப்பெரணி. பிசான நெல்லுக்குத் தாமிரபரணித் தண்ணீர் பாயும் வாய்க்கால் ஓரத்தில் பிடுங்கியது. “களையப் போயி இவ்ளோ பத்திரமா மடிச்சு வைக்கியே” என்றாள் அம்மா. களைதான். ஆனால் விரல் விரலாகப் பிரிந்த இலைகளின் ஓரம் உள்ளே சுருண்டிருக்கிறது. எனக்கு வேண்டிய ஸ்போர், அதாவது விதைக்குப் பதிலாகப் பெரணி விடும் தூள், அந்தச் சுருளுக்குள் இருக்கிறது.

ஜனவரி 29

விதைத்தாயிற்று. நீர்த்த ப்ளீச்சில் ஸ்போர்களைக் கழுவி, கிருமி நீக்கிய தண்ணீரில் மூன்று முறை அலசி, பாதிச் செறிவு எம்எஸ் ஊடகத்தில் (செடி வளர்க்கும் சத்துக் கூழ்) தூவினேன். சர்க்கரை சேர்க்கவில்லை. திசு வளர்ப்பு பழகிய கைக்கு இது கொஞ்சம் உறுத்தும். ஆனால் ஸ்போரிலிருந்து முதலில் வரும் புரோதாலஸ் என்னும் சின்னத் தகடு பச்சையானது, தன் சாப்பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். சர்க்கரை போட்டால் பூஞ்சைக்கு விருந்து. அதைவிட வில்லங்கம், கருவுறாமலேயே புரோதாலஸிலிருந்து செடி கிளம்பிவிடலாம். அபோகமி என்பார்கள். நான் பார்க்க வந்தது கருவை. வளர்ப்பறை 28 டிகிரி, விளக்கு எரிகிறது.

பிப்ரவரி 3

ஸ்போர்கள் வெடித்துப் பச்சை எட்டிப் பார்க்கிறது. இருட்டில் வைத்த தட்டில் ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 11

தட்டில் புரோதாலஸ்கள் இரண்டு உருவத்தில்: பெரிய இதயங்கள், சின்ன நாக்குகள். இதயத்தில் முட்டை இருக்கும் ஆர்க்கிகோனியமும் விந்தணு இருக்கும் ஆந்திரீடியமும் சேர்ந்தே இருக்கும். நாக்கு வெறும் ஆண். இதில் பிறப்பு விதி எதுவும் இல்லை. முந்தி வளர்ந்தது ஆந்திரீடியோஜென் என்ற பொருளைச் சுரக்கிறது, பிந்தியவை அதன் தாக்கத்தில் ஆணாகிவிடுகின்றன. தனித்தட்டில் ஒற்றையாக வைத்த ஸ்போர்கள் எல்லாமே இதயமாகத்தான் வந்திருக்கின்றன. பந்தியில் முந்தியவனுக்கு இலை கிடைத்த கதை.

பிப்ரவரி 13

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். கொஞ்ச நேரத்தில் ஆந்திரீடியங்கள் திறந்து, சுருள் சுருளான விந்தணுக்கள் கசையிழைகளை அடித்துக்கொண்டு நீந்தின. ஆர்க்கிகோனியக் கழுத்துகளின் வாயில் ஒரே நெரிசல். பெரணியின் கருவுறுதல் இந்தப் பச்சைத் தகட்டில்தான் நடக்கிறது என்று தாவரவியலாளர் சுமின்ஸ்கி 1848இல் படம் போட்டுக் காட்டினார். அவருடைய நுண்ணோக்கியில் இது எப்படித் தெரிந்திருக்கும்! மதியச் சாப்பாட்டுக்கு நான் போகவில்லை.

பிப்ரவரி 16

கருமுட்டை பிளக்கத் தொடங்கிவிட்டது. முதல் சுவர் ஆர்க்கிகோனியத்தின் நீளவாக்கில் விழும், அடுத்தது அதற்குக் குறுக்கே. நாலு கால் பாகம். முன்பக்கத்து இரண்டும் முதல் இலைக்கும் தண்டு நுனிக்கும், பின்பக்கத்து இரண்டும் வேருக்கும் பாதத்துக்கும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. பாதம் தாய்த்தகட்டில் பதிந்து உணவை உறிஞ்சும். கருவைச் சுற்றி ஆர்க்கிகோனியத்தின் அடிச்செல்களும் பெருகித் தொப்பி மாதிரி மூடுகின்றன. அந்தத் தொப்பியைக் கழற்றினால் என்ன ஆகும்? என் வேலையே அதுதான்.

பிப்ரவரி 17

ஹார்வர்டில் வெட்மோரும் டிமாஜியோவும் டோடியா பார்பரா என்ற பெரணியில் இதைச் செய்து 1961இல் எழுதினார்கள். மிக இளசாக வெளியே எடுத்தவை கரு மாதிரி வளராமல், புரோதாலஸ் போலத் தட்டையாகப் பரவின. கொஞ்சம் முதிர்ந்தபின் எடுத்தவை ஒழுங்காக இலையும் வேரும் விட்டன. ஆக, தாய்த்திசு சோறு மட்டும் போடவில்லை, உருவத்தையும் ஏதோ ஒரு வழியில் பிடித்து வைக்கிறது. அழுத்தியா, ரசாயனத்தாலா என்பதுதான் ருசியான கேள்வி.

என் கதை: இன்சுலின் ஊசியால் இரண்டு மணி நேரம், பதினான்கு கரு. ஒன்பது ஊசியிலேயே நசுங்கின. மிச்சம் ஐந்தில் நாலை 2 சதவீதச் சர்க்கரை ஊடகத்தில் வைத்தேன், தாயைப் பிரிந்ததற்குச் சாப்பாடு வேண்டுமே. ஐந்தாவதைச் சர்க்கரை இல்லாத தட்டில்.

பிப்ரவரி 22

இரவு கரண்ட் போய், ஏசி நின்று, தட்டு மூடிகளில் வேர்வை. இரண்டு தட்டில் பூஞ்சை. வாய்விட்டுத் திட்டினேன், கேட்க யாரும் இல்லை.

பிப்ரவரி 24

தொடாமல் விட்ட இதயங்களில் முதல் இலை வந்துவிட்டது! தொப்பியைக் கிழித்துக்கொண்டு, மிளகாய் விதையைவிடச் சின்னதாக. ஒரு தகட்டில் எத்தனையோ ஆர்க்கிகோனியம் இருந்தும் ஒன்றுக்கு ஒரே பிள்ளைதான்.

மார்ச் 9

சர்க்கரையில் வைத்த நாலில் மூன்று பழுப்பாகிச் செத்தன. ஒன்று மேல் கீழ் தெரியாத பச்சை உருண்டை. சர்க்கரை இல்லாததும் செத்துவிட்டது. உருண்டையைப் பார்த்துக் குதித்துக்கொண்டு என் ஆய்வு வழிகாட்டி மேடத்திடம் ஓடினேன். “தொப்பி போனதாலயா, சர்க்கரையாலயா, உன் ஊசி பட்டதாலயா? எப்படிச் சொல்லுவே?” என்றார். சொல்ல முடியாதுதான். தொப்பியைக் கீறி மட்டும் விட்ட ஒரு வரிசை வேண்டும், சர்க்கரை இல்லாமல் கூடுதலாக வேண்டும், முதிர்ந்த கரு வேண்டும்.

பொட்டலத்தில் கால்வாசி ஸ்போர் மிச்சம். அம்மாவுக்குப் போன் போட்டேன். அறுப்பு முடிந்து வாய்க்காலும் காய்ந்துவிட்டதாம்.