31 பெட்டியும் ஒரு வெறும் மேடையும்

கொழும்பு கொட்டாஞ்சேனையில் 24 வருடம் குடியிருந்த வீட்டை 52 வயதில் விட்டு வந்தேன். வீட்டுக்காரரின் மகன் விற்கப்போவதாகச் சொன்னார், மூன்று மாதத் தவணை தந்தார், அவ்வளவுதான். பட்டா லொறி மூன்று நடை அடித்தது. இப்போது வெள்ளவத்தையில், ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், மூன்றாம் மாடி. காற்றுக்குக் குறைவில்லை. யன்னல் கம்பிதான் உப்பில் கறள் பிடித்து, தொட்டால் செம்மண் மாதிரிக் கையில் ஒட்டும். ரயில் போகும்போது அலுமாரிக்குள் கோப்பைகள் ஒன்றோடொன்று முட்டும். இவர், என் கணவர், இரண்டாம் நாளே பழகிவிட்டார். எனக்கோ ஒரு மாதமாகியும் விடியற்காலையில் சாந்த லூசியா கோயில் மணியைத்தான் காது தேடியது.

பெட்டிகள் 31. பிரிக்க மனம் வரவில்லை. ஒரு பானை, நான்கு தட்டு, கேத்தல், இவருடைய பிரஷர் மாத்திரை, இவ்வளவோடு நாள் ஓடியது. மகள் மெல்பேர்னிலிருந்து வீடியோவில் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்கள் இன்னும் லொறிக்குள்ளயா இருக்கிறீங்கள்?" என்று கேட்டாள்.

எதிர் வீட்டு அக்கா ஓய்வுபெற்ற சிங்கள ஆசிரியை. முதல் நாளே என்னை நங்கி, அதாவது தங்கை, என்று கூப்பிடத் தொடங்கியவர். ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டி, லயனல் வென்ட் மண்டபத்தில் 'மனமே' நாடகம் போடுகிறார்கள், தங்கைக்குக் காய்ச்சல், ஒரு டிக்கெட் மிச்சம், வா என்றார். "நீர் போயிட்டு வாரும், எனக்கு நித்திரை வந்திடும்" என்றார் இவர். பொய்யில்லை, படம் பார்க்கப் போனாலும் இவர் நித்திரைதான்.

சிங்களம் எனக்கு நன்றாகவே வரும். ஆனால் சிங்கள நாடகம் பார்க்கப் போனதில்லை. 'மனமே' என்றால் பொது அறிவுக் கேள்வி: எழுதியவர் எதிரிவீர சரச்சந்திர, ஆண்டு 1956. முதல் மேடையேற்றமும் இதே மண்டபத்தில்தான் என்று அக்கா ஓட்டோவில் சொல்லிக்கொண்டு வந்தார்.

திரை விலகியது. மேடையில் அரண்மனை இல்லை, மரம் இல்லை. ஓரத்தில் பாடுபவர்களும் வாத்தியக்காரரும் மட்டும். பொத்தே குரா என்று அவர்கள் சொல்லும் கதைசொல்லி வந்து பாடத் தொடங்கினார், மத்தளம் சேர்ந்துகொண்டது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இந்த அடி எனக்குத் தெரியும்!

அப்பா யாழ்ப்பாணத்துப் பாசையூர்க்காரர். துறைமுகத்தில் வேலை கிடைத்துக் கொழும்புக்கு வருமுன் எஸ்தாக்கியார் என்ற புனிதரின் கதையைச் சொல்லும் கூத்தில் பெண்வேடம் கட்டியவர். ஞாயிறு பூசை முடிந்து வந்தால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, விறாந்தைச் சுவரில் தாளம் தட்டிப் பாடுவார். சரச்சந்திர கையிலெடுத்த 'நாடகம' என்ற பழைய சிங்கள வடிவம் தமிழ்க் கூத்திலிருந்து கிளைத்தது என்று எங்கோ வாசித்திருக்கிறேன். பெயரே காட்டிக்கொடுக்கிறதே. அப்போது அது ஒரு தகவல், அவ்வளவுதான். அன்றைக்கு இருட்டுக்குள் அப்பா சிங்களத்தில் பாடுகிற மாதிரி இருந்தது.

இளவரசனும் இளவரசியும் குருவின் வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். பாடிக்கொண்டே மேடையைச் சுற்றி வருகிறார்கள், காடு வந்துவிட்டது. இளவரசியாக நடித்த பிள்ளை காலைத் தூக்கி வைத்த விதத்தில் முள் தெரிந்தது. அப்பாவும் இப்படித்தான் சொல்லுவார், கூத்தாடும் வட்டக்களரியை ஒரு சுற்று வந்தால் அடுத்த நாடு என்று. எங்களுக்கு மூன்று லொறி நடை. சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிறகு அந்த வாள் கட்டம். வேடர் தலைவனை வீழ்த்திவிட்டு இளவரசன் வாளைக் கேட்கிறான். அவள் கொடுக்கவில்லை, தனியாக நின்று சண்டை போட்டவன் இவன், விட்டுவிடுங்கள் என்கிறாள். அந்த இடைவெளியில் வாள் வேடன் கைக்குப் போய்விடுகிறது. மண்டபத்தில் ஒரு இருமல்கூட இல்லை. அக்கா ஏழாவது தடவையாகப் பார்க்கிறார், ஆனாலும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். திரும்பி வரும்போது காலி வீதி முழுக்க, அவள் செய்தது பிழையா என்று தர்க்கம். பிழையில்லை என்பது என் கட்சி. அக்கா இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

அன்றிரவு பதினொரு மணிக்குப் பெட்டிகளை உடைக்கத் தொடங்கினேன். ஒன்பதாவதில், சட்டிகளுக்கு நடுவே அப்பாவின் கூத்துக் கொப்பி. நீல மை, பழுத்த ஓரம். ஒரு விருத்தத்துக்கு மேலே சிவப்பில் 'மெதுவாக' என்று எழுதி இரண்டு தரம் கோடிட்டிருந்தார்.

அதற்குப் பிறகு மாதம் ஒரு நாடகமாவது பார்க்கிறேன். தமிழ் நாடகத்தைத்தான் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது; ஒருமுறை போடுவார்கள், நமக்குச் செய்தி எட்டும்போது முடிந்திருக்கும். தமிழ்ச் சங்கம் நடந்து போகும் தூரம், மரக்கறி வாங்கப் போகிற சாக்கில் அங்கே எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன். பெட்டிகளில் 11 இன்னும் அப்படியே.

போன வாரம் அக்கா தேத்தண்ணிக்கு வந்தபோது கொப்பியைப் புரட்டினார். தமிழ் எழுத்துத் தெரியாது, பாடிக் காட்டு என்றார். மெட்டு எனக்கு முழுதாக ஞாபகமில்லை, இரண்டு வரிதான். மேசையில் தட்டித் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து ரயில் வந்தது. அலுமாரிக்குள் கோப்பைகள் அடங்கும்வரை இருவரும் பேசாமல் இருந்தோம். பிறகு முதல் வரியிலிருந்து, மெதுவாக.