வெறும் தண்ணீர் நீலமான கதை

பாஸ்பேட் என்ற சத்து கிடைக்காமல் பசியில் இருக்கும் நாற்றைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். இலையில் ஊதா ஏறும், முதன்மை வேர் நீளாமல் நின்றுபோகும், வேர்த்தூவி மட்டும் புசுபுசுவென்று வளரும். என் பிளேட்டில் மூன்று மாதமாக இதில் ஒன்றுமே நடக்கவில்லை. பாஸ்பேட்டை 10 மைக்ரோமோலாருக்குக் குறைத்த அகார் ஜெல்லியில், அரபிடாப்சிஸ் (ஆய்வகங்களில் வளர்க்கும் கடுகு இனத்துக் குட்டிச் செடி) நாற்றுகள் விருந்து சாப்பிட்ட பிள்ளைகள் மாதிரி கொழுகொழுவென்று நின்றன.

சென்னையில் ஒரு ஆய்வகத்தில் சேர்ந்த முதல் வருடம். வெளியே மே மாத வெயில், உள்ளே 22 டிகிரி வளர்ப்பறை, கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடும்வரை நெஞ்சு படபடக்கும். அதனால் முதலில் கரண்ட் மேல் பழி போட்டேன், அப்புறம் விதை மேல், அப்புறம் அகார் மேல் (அகாரிலேயே கொஞ்சம் பாஸ்பேட் இருக்கும், அது உண்மைதான்). அகாரை மாற்றியும் பிரயோஜனமில்லை.

நான் பார்க்க நினைத்தது பிஎச்ஆர்1 என்ற புரதத்தின் வேலையை. பசி வந்தால் டிஎன்ஏவில் போய் உட்கார்ந்து ஏகப்பட்ட ஜீன்களை முடுக்கிவிடும். வயிறு நிறைந்திருந்தால் எஸ்பிஎக்ஸ் புரதங்கள் அதை உட்காரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்ளும். எனக்குப் பிடித்த இடம் எதுவென்றால், எஸ்பிஎக்ஸுக்கு நிலவரம் சொல்வது மண்ணில் இருக்கும் பாஸ்பேட் இல்லை, செல்லுக்குள் இருக்கும் இனோசிட்டால் பைரோபாஸ்பேட் என்ற சின்ன மூலக்கூறு. உள்ளே பாஸ்பேட் குறைந்தால் இதுவும் குறையும், பிடி தளரும், பிஎச்ஆர்1 கழன்றுகொள்ளும். உடனே 399 என்ற மைக்ரோ ஆர்என்ஏ (ஜீன்களை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) பெருகி, இலையிலிருந்து புளோயம் என்ற உணவுக் குழாய் வழியாக வேருக்கு இறங்கி, பிஎச்ஓ2 என்ற நொதி உருவாகாமல் தடுக்கும். பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவரும் புரதங்களை அழிவுக்கு அனுப்புவதுதான் பிஎச்ஓ2-வின் வேலை, அது குறைந்தால் வாசல் திறந்தே கிடக்கும். பிஎச்ஓ2 ஜீன் கெட்டுப்போன செடிக்குப் போதும் என்று சொல்லத் தெரியாது, வாங்கி வாங்கி இலை நுனி கருகிவிடும்.

என் நாற்றுகளில் 399 ஏறவே இல்லை. பசிக்கவில்லை என்று செடி தெளிவாகச் சொல்லியிருக்கிறது, நான் போய்ப் பைப்பெட்டைச் சந்தேகப்பட்டேன்.

ஒரு நாள் மீடியா (செடிக்கான சத்துக் கரைசல்) கலக்கும் பாட்டிலில் வெறும் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிக் குலுக்கி, அம்மோனியம் மாலிப்டேட்டும் அஸ்கார்பிக் அமிலமும் சேர்த்துச் சூட்டில் வைத்தேன். இருபது நிமிடத்தில் துவைத்த சட்டைக்குப் போடும் சொட்டு நீலம் மாதிரி இளநீலம் இறங்கியது. பாஸ்பேட் இருந்தால் அந்த நிறம் வரும்.

கண்ணாடிச் சாமான் கழுவும் அக்காவிடம் போனேன். தொட்டி ஓரத்தில் சோப்புத் தூள் டப்பா. "நல்லா நுரை வரத் தேய்ச்சாத்தானே தம்பி சுத்தமாகும்?" என்றார். தப்பே இல்லை. அந்தத் தூளில் பாஸ்பேட் இருக்கிறது, எனக்குத் தனியாக ஆசிடில் அலசிய பாட்டில் வேண்டும் என்று ஒரு நாளும் நான் சொன்னதில்லை. அன்று முதல் என் பாட்டில்களை நானே நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஊறவைத்து அலசினேன்.

அடுத்த பிளேட்டில் பத்தாவது நாள் ஊதா ஏறியது. அக்கா எட்டிப் பார்த்து, "என்ன தம்பி, கலரே மாறிப்போச்சு, செத்துடுமா?" என்றார். "சாகாதுக்கா" என்று சொல்லிவிட்டு, 399 அளக்க எல்லா வேரையும் வெட்டித் திரவ நைட்ரஜனில் போட்டேன்.