சுத்தமான அஞ்சியோகிராமுக்குப் பிறகும் வலித்த நெஞ்சு

திருகோணமலைக் கோட்டை வாசலைக் கடந்து கோணேசர் கோயில் ஏற்றத்தில் நடந்தால், பாதி தூரத்திலேயே நெஞ்சு இறுகி வலி இடது தாடை வரை ஏறும். சற்று அமர்ந்திருந்தால் தணியும். அப்போது எனக்கு வயது 53. உடற்பயிற்சி ஈசிஜியில் மாற்றம் தெரிந்ததால், கந்தளாய், ஹபரணை வழியாகக் கண்டிக்குச் சென்று, இதயக் குழாய்களைப் படமெடுக்கும் அஞ்சியோகிராம் செய்துகொண்டேன். “குழாய்களில் அடைப்பில்லை அம்மா, வீணாக யோசிக்காதீர்கள்” என்று கூறி அனுப்பிவிட்டார்கள். வீட்டார் நேர்த்திக்கடன் தீர்த்தார்கள். வலி மட்டும் தீரவில்லை. அடுத்த எட்டு மாதங்கள் வாயுக் குளிசையும், மனப்பயத்துக்கென்று தந்த குளிசையுமாகக் கழிந்ததை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது.

பின்னர் பார்த்த வைத்திய நிபுணர்தான், கந்தளாய்க் குளத்தின் பெரிய வாய்க்கால் நிறைந்து ஓடினாலும் வயலுக்குப் பிரியும் சிறு வாய்க்கால் திறக்காவிட்டால் பயிர் வாடும் அல்லவா என்று கேட்டு, கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் படம் வரைந்து காட்டினார். அஞ்சியோகிராமில் பெரிய நாடிகளே தெரியும். அரை மில்லிமீற்றருக்கும் குறைந்த நுண்ணாடிகள் தெரியா. உழைப்பின்போது அவை போதிய அளவு விரியாமலோ, திடீரெனச் சுருங்கியோ இதயத் தசையைப் பட்டினி போடுகின்றன. குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைக்க அங்கே இடமும் இல்லை.

“இன்னும் எத்தனை காலம், டொக்டர்?” என்று கேட்டேன். அவர் ஆண்டுக் கணக்கு எதுவும் சொல்லவில்லை. 1970களில் இதை ‘சின்ட்ரோம் எக்ஸ்’ என்று அழைத்த காலத்தில் ஆபத்தற்றதாகவே கருதினார்கள் என்றும், 1996இல் அமெரிக்காவில் பெண்களிடம் தொடங்கிய ‘வைஸ்’ என்னும் ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றியது என்றும் விளக்கினார். பெரிய அடைப்பு இல்லாதபோதும் இத்தகைய வலியுள்ள பெண்களுக்கு, வலியற்ற பெண்களைவிட மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் கூடுதலாக ஏற்பட்டிருந்தன. ஆயினும் பலர் நீண்ட காலம் வாழ்கிறார்கள் என்றும், அழுத்தம், சீனி, கொலஸ்ட்ரோல் மூன்றையும் அடக்கி வைப்பதே என் கையில் உள்ள வேலை என்றும் சொன்னார். பயந்தேன், ஆனால் என் வலிக்கு ‘நுண்ணாடி நோய்’ என்று ஒரு பெயர் கிடைத்ததில் அன்றிரவு நிம்மதியாக உறங்கினேன்.

இப்போது மூன்று ஆண்டுகள் ஆகின்றன. கொலஸ்ட்ரோலைக் குறைக்கும் ஸ்டற்றின், இதயத் துடிப்பைத் தணிக்கும் பீற்றா புளொக்கர் இரண்டையும் தவறாமல் எடுக்கிறேன். நாக்கின்கீழ் வைக்கும் குளிசை சில நாட்களில் கேட்கிறது, சில நாட்களில் கேட்பதில்லை. கோயில் ஏற்றத்தில் ஒருமுறை நின்றுதான் போகிறேன். ஓய்வெடுத்தும் வலி நீடித்தால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகுமாறு சொல்லியிருக்கிறார்கள். அங்கே யாரேனும் பழைய அறிக்கையைப் பார்த்து “அடைப்பில்லையே” என்று தொடங்கினால், நுண்ணாடி நோய் என்று எழுதிய பக்கத்தைத் திறந்து முதலில் நீட்டுகிறேன்.